சாந்தம்மாள் வைத்த சுண்ணாம்புப் பொட்டு

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் மோர்க்கடை சாந்தம்மாளைத் தெரியாதது மாடுகளுக்கு மட்டும்தான். சந்தையின் பன்னிரண்டு வேப்பமரங்களில் நடுமரத்தடியில் அவள் கடை. போன மாசியில் அந்த மரத்தில் பால் வடிந்தது. அம்மன் இறங்கிவிட்டாள் என்று ஊரே திரண்டு மஞ்சள் பூசி, அடிமரத்தில் மஞ்சள் துணி சுற்றியது. கும்பிட வந்த கூட்டத்தில் மோர் இரண்டு மடங்கு விற்றது. வேறொருத்தியாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டாள்.

ஆனால் காலையில் பெருக்கித் தண்ணீர் தெளித்த இடத்தில், அவள் மோர் கடைந்து முடிப்பதற்குள் மாவு மாதிரி மரத்தூள் கொட்டிக் கிடந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தாள். குண்டூசித் தலையளவு ஓட்டைகள்! வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் பொட்டு வைத்தாள். மறுநாள் பொட்டில்லாத புது ஓட்டைகள் ஒன்பது. ஒரு வாரத்தில் பக்கத்து மரத்திலும் மூன்று.

மாட்டுத் தரகர் நல்லதம்பி பார்த்துவிட்டார். "ஏனுங்க்கா, அம்மன் துணியத் தூக்கறீங்க? கண்ணு அவிஞ்சு போயிருமுங்க!"

"கண்ணு போனாப் போவுதுங்க. பன்னண்டு மரமும் போயிருமாட்ட இருக்குதுங்க."

ஓட்டையிலிருந்து வந்த வண்டு ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டுக்கொண்டு கிருஷிபவன் என்கிற வேளாண் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்து வந்த வேளாண் அதிகாரி யோகப்பிரியா பொட்டுகளைப் பார்த்து அசந்துபோனார்.

"இது நம்மூரு வண்டு இல்லீங்கம்மா, வெளிநாட்டுல இருந்து வந்தது. இந்த மரத்த வெட்டி எரிச்சாத்தான் மத்தது பொழைக்கும். உங்க கடைக்கு நெழலு?"

"பதினோரு மரத்து நெழலு சந்தைக்கு இருக்குதுல்லங்க" என்றாள். அம்மன் துணியைத் தானே அவிழ்த்து மடித்தபோது மட்டும் அழுதுவிட்டாள். எப்பேர்ப்பட்ட மனுஷி!

ஊர் அப்படி நினைக்கவில்லை. "சாமி மரத்த வெட்ட வெச்சவ கையில மோர் குடிக்காதீங்க" என்று நல்லதம்பி கிளப்பிவிட, ஆறு சந்தை நாளும் மோர் விற்காமல் அவள் பானை நிறைந்தே கிடந்தது. பொரிகிற வெயிலில் குடையை நட்டு உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் தினமும் காலையில் பதினோரு மரங்களையும் சுற்றி வந்தாள். பக்கத்து மரத்தில் மருந்து அடித்த பிறகு புது ஓட்டை ஒன்றுகூட விழவில்லை.

ஏழாவது சந்தையில் நல்லதம்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"அக்கா, எங்க ஊட்டு மாமரம் வாடுதுங்க. எங்கப்பன் வெச்ச மரமுங்க. ஒரெட்டு வந்து பாக்கறீங்களா?"

சாந்தம்மாள் டம்ளரை நிறைத்து நீட்டினாள்.

"வர்றனுங்க. மொதல்ல இதக் குடிங்க."

மொத்தச் சந்தையும் பார்த்துக்கொண்டிருக்க, நல்லதம்பி ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.