நான் நாலு நாள் சர்ஜனாக இருந்தேன்

பாத்தாலஜி லேபில் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். அவசரம் நோயாளிக்கும் எனக்கும் மட்டும்தான்.

எனக்குப் பத்தொன்பது வயது. திருவண்ணாமலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன் பயிற்சி. ஒரு குரலை ஒரு தடவை கேட்டால் போதும், அப்படியே பேசிவிடுவேன். இதன் கடைசியில் உங்களுக்கு ஒரு சிரிப்பு உண்டு, சத்தியம். ஆனால் இப்போதே தரமாட்டேன். பயாப்ஸி ரிசல்ட்டுக்காக ஆஸ்பத்திரி நாற்காலியில் தேய்ந்தவர்கள்தானே நீங்களும்? இன்னும் கொஞ்சம் தேயுங்கள்.

யாரு டாக்டரு?

எங்கள் பாத்தாலஜிஸ்ட் கற்பகம் மேடம் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. நோயாளியிடமிருந்து எடுத்த துண்டைத்தான் பார்ப்பார். அது புற்றா, வெறும் கட்டியா என்று அவர் எழுதிக் கொடுக்காமல் மாடியில் இருக்கும் சர்ஜன் கத்தியைத் தொடமாட்டார். இதெல்லாம் வெளியே யாருக்குத் தெரியும்?

அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து கழுத்துக் கட்டியோடு வந்த ஒரு விவசாயி, மூன்று தடவை லேபுக்குள் எட்டிப் பார்த்தார். “இவங்கதாங்க உங்களுக்கு ரிப்போர்ட் எழுதற டாக்டர்” என்று காட்டினேன். மைக்ராஸ்கோப்பில் கவிழ்ந்திருந்த மேடத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கட்டியோட நான் இங்க நிக்கறேன், அந்தம்மா கண்ணாடியப் பாத்துக்கினு கீறாங்க. இன்னா டாக்டருப்பா இது?”

ரெண்டு காபி

காத்திருக்கும் நேரத்தில் என் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் ஸ்டோர் ரூம் இன்டர்காமில் மேடம் குரலில் கேன்டீனைக் கூப்பிட்டேன். “ரெண்டு காபி அனுப்புங்க, ஒண்ணு நம்ம பிரதீப்புக்கு.” பிரதீப் நான்தான். காபி வந்தது, நேராக மேடம் மேஜைக்கு.

திட்டு விழும் என்று நின்றேன். மேடம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார். “சர்க்கரை கம்மியா போடச் சொல்லாம நான் காபி கேட்டிருக்கேனா? அதுகூடத் தெரியாம என்னடா மிமிக்ரி?”

சேமியா மாதிரி மூணு

சீனியர் டெக்னீஷியன் ஏழுமலை அண்ணன். மெழுகில் பதித்த திசுவை, தலைமுடியைவிட மெல்லிசாக மெஷினில் சீவி எடுப்பார். அதைச் செய்யத் தெரிந்த இன்னொரு அக்கா பிரசவ லீவில் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து அண்ணனின் மனைவி மல்லிகா அண்ணிக்கு மார்பில் கட்டி. திங்கட்கிழமை காலை சர்ஜன் கட்டிக்குள் ஊசி விட்டுச் சதை எடுத்தார். சேமியா மாதிரி மூன்றே மூன்று இழை. வெட்டும்போது வீணாகிவிட்டால் அண்ணிக்கு மறுபடியும் ஊசி, மறுபடியும் காத்திருப்பு.

மேடம் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டப்பாவில் நம்பர் மட்டும்தான் இருக்கும், பேர் எழுதிய சீட்டு அவர் டிராயரில் இருக்கும். சாம்பிள் வேலூருக்குப் போய்விட்டதாக அண்ணனிடம் யாராவது சொல்லவேண்டும். “அவன்தான் வெட்டணும், தெரிஞ்சா கை ஆடும். நான் பொய் சொன்னா காது செவந்துடும். நீ அந்த சர்ஜன் குரலைப் போட்டுத் தொலை.”

பௌர்ணமி கூரியர்

சர்ஜன் எதைச் சொன்னாலும் “ஆச்சா?” என்று முடிப்பார். செவ்வாய்க்கிழமை ஸ்டோர் ரூமிலிருந்து போட்டேன்: “ஏழுமலை, சாம்பிள் வேலூர் போயிடுச்சு. ஸ்டாஃப் வீட்டு கேஸு, வெளியில பாக்கறதுதான் முறை, ஆச்சா?” புதன்கிழமை பௌர்ணமி. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நின்றுவிட்டது. அதையும் விடவில்லை: “கூரியர் வண்டி கிரிவலக் கூட்டத்துல மாட்டிக்கிச்சு, நாளைக்குத்தான் தெரியும், ஆச்சா?”

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கதவருகில் போய்ப் பார்த்தேன். அண்ணன் ரிசீவரைத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். “தங்கமான மனுஷன்டா. இத்தினி வருஷமா என் பேர்கூட அவருக்குத் தெரியாது, இப்ப தினம் போன் பண்றாரு.”

வியாழக்கிழமை

அன்றுதான் வெட்டு. அண்ணன் மெழுகுக் கட்டியை மெஷினில் மாட்டி, கைப்பிடியைச் சுற்றினார். மெழுகு நாடா நாடாவாகக் கழன்று வெந்நீரில் மிதந்தது. ஒரு சுருக்கம் இல்லை. எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அவர் நிமிராமலே கேட்டார்: “ஏன்டா காலை ஆட்டிக்கினே இருக்க? உன் பொண்டாட்டியோடதா இது?”

மொட்டை

வெள்ளிக்கிழமை மேடம் அந்தத் திசு ஒட்டிய ஸ்லைடைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் நாலு தடவை தண்ணீர் குடித்தேன். கடைசியில் தலையை நிமிர்த்தி, “கேன்சர் இல்ல. சாதாரணக் கட்டி. நானே போய்ச் சொல்றேன்” என்றார். “மேடம், கடைசியா ஒரே ஒரு தடவை” என்று ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன்.

“ஏழுமலை, வேலூர்ல இருந்து வந்துடுச்சு. கேன்சர் இல்ல, ஆச்சா?” கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அண்ணன் ரிசீவரோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதே நேரம் ஒரு மொட்டைத்தலை லேபுக்குள் வந்தது, நெற்றியில் நாமம், கையில் லட்டுப் பை. யாரோ நோயாளி என்று நினைத்து நான் பேசிக்கொண்டே போனேன். “இனிமே நிம்மதியாத் தூங்கு, ஆச்சா?”

மொட்டை பேசியது. ரிசீவருக்குள் நான் போட்ட சர்ஜன் குரலே எனக்குத் திரும்பக் கேட்டது. “திங்கக்கிழமை சாயந்திரம் திருப்பதி கெளம்பினேன், இப்பதான் வந்து எறங்கறேன். போனையே எடுக்கல. மல்லிகா ரிப்போர்ட் நம்ம லேப்லயே ரெடியாகியிருக்கும்னு நேரா வந்தேன், ஆச்சா?”

அண்ணன் மொட்டையைப் பார்த்தார். ரிசீவரைப் பார்த்தார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார். பிறகு ரிசீவரை வாயருகே கொண்டுபோய் மெதுவாகக் கேட்டார்: “டேய் பிரதீப், அப்ப நேத்து நான் வெட்டினது மல்லிகாவோடதாடா?”

நாலு நாள் நான் சொன்ன பொய்யைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிய மனிதரை, நான் சொன்ன ஒரே ஒரு நிஜத்தை நம்பவைக்க மேடமே ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து கையில் கொடுக்கவேண்டியதாயிற்று.