ஆர்னெட்டா கடையில் வாய் திறந்த சாட்சி

ஆர்னெட்டா டில்மனிடம் முடி அலங்காரத்துக்குப் போவதும் கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் ஏறுவதும் ஒன்றுதான். சுருட்டை முடியை நேராக்கும் களிம்பைத் தலை நிறையத் தடவுவாள். அது எரியத் தொடங்கும் நேரம் பார்த்து, "ஹோசியா செத்த அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்பாள். பதில் வந்தால்தான் கழுவிவிடுவாள். அலபாமாவில் எங்கள் ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் வழுக்கைக்குப் பயந்தே பேசினார்கள்.

ஹோசியா என் அப்பா. வெள்ளைக்காரர்கள் மிரட்டியும் கேட்காமல், எங்கள் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் பெயர் பதிய அழைத்துப் போனவர். நான் அம்மா வயிற்றில் இருந்தபோது, குடித்துவிட்டுக் காரை ஓடையில் விட்டுச் செத்தார் என்று போலீஸ் எழுதிவைத்தது. ஊரில் பாதி அதை நம்பியது. மீதி நம்பாமலேயே வாயை மூடிக்கொண்டது. குடிகாரன் மகள் என்ற பெயரோடு வளர்ந்தேன்.

இப்போது சாலையோரம் அவருக்கு நினைவுப் பலகை வைக்கப்போகிறார்கள். கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் 'கொல்லப்பட்டார்' என்று போடலாம், இல்லாவிட்டால் 'இறந்தார்' தான் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஆர்னெட்டா அலைந்தாள்.

அடக்கம் முடிந்து சர்ச்சில் போடும் சாப்பாட்டைக்கூட அவள் விடவில்லை. பொரித்த கோழித் தட்டை ஏந்திக்கொண்டு கிழவர்கள் பக்கத்தில் போய் உட்காருவாள். அவர்கள் கோழிக்காலும் கையுமாக அடுத்த மேசைக்கு ஓடுவார்கள்.

"ஏம்மா, குழியில போட்ட மண்ணுகூட காயலையே!" என்றார் பாஸ்டர்.

"காயட்டும்னு இருந்தா அடுத்த ஆளும் போயிருவாரே, பாஸ்டர்!"

எல்லார் கையும் காட்டியது வெர்லீன் அக்காவைத்தான். அந்தக் காலத்தில் ஓடைப் பாலத்தருகே குடியிருந்தவர். ஆனால் கழுவுற மீனில் நழுவுற மீன். களிம்பும் போட்டுக்கொள்ள மாட்டார். முடியைச் சுருட்டிக் காயவைப்பதோடு சரி.

ஈஸ்டருக்கு முந்தின நாள் கடையில் கூட்டம். நான் முடி கழுவும் தொட்டியில் தலையைக் கொடுத்துப் படுத்திருந்தேன். வெர்லீன் அக்கா முடி உலர்த்தும் பெரிய கூண்டுக்குள் தலையை விட்டிருந்தார். அது காதுக்குள் இரைகிற இரைச்சலில் ரகசியம் பேசுவதாக நினைத்துக் கத்துவது எங்கள் பெண்களின் வழக்கம். ஊர்ப் புருஷன்மார்களின் மூலவியாதி முழுவதும் எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அக்கா ஆர்னெட்டாவின் கையைப் பிடித்து இழுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லிராதடி! ஹோசியா குடிக்கவே இல்ல! நான் துணி காயப்போட்டுட்டு இருந்தேன்! போலீஸ்கார டகெட் அவன கார விட்டு இறங்கச் சொன்னான்! ரெண்டு கையயும் தூக்கிட்டுத்தான் நின்னான்! அப்பவும் சுட்டுட்டான்! அப்புறந்தான் கார ஓடைக்குள்ள தள்ளுனான்!"

தெருவில் போனவர்கள்கூட நின்றுவிட்டார்கள். ஆர்னெட்டா மெஷினை நிறுத்தினாள்.

"ஏன்டி எல்லாரும் என்னையே பாக்குறீங்க?"

"அக்கா, நீங்க கத்தித்தான் சொன்னீங்க."

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, டகெட் மவன் என் தெருவுலதான்டி இருக்கான்!"

நான் எழுந்தேன். கண்ணுக்குள் சோப்புத் தண்ணீர் இறங்கியது, அழுகையும்தான்.

"எங்கப்பா கையத் தூக்கிட்டா நின்னாரு?"

அப்போதுதான் நான் அங்கே இருப்பதையே கவனித்தார். பிறகு தலையில் மாட்டிய சுருள்களோடு கூண்டை விட்டு வெளியே வந்தார்.

"ஆமாம்மா. கமிட்டிக்காரங்களுக்கு போன் போடு, ஆர்னெட்டா. இந்தத் தடவ தெரிஞ்சே சொல்றேன்."