எட்டு மில்லிமீட்டர் இறங்கும் என்று சொன்னவன்

சுரங்கம் தோண்டினால் மேலே தரை எத்தனை மில்லிமீட்டர் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்வது என் தொழில். கணிப்பு பலித்தால் ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள், பிசகினால் தெருவே திரண்டு வரும். வானிலை சொல்பவர்களுக்கும் ஜாதகம் பார்ப்பவர்களுக்கும் என் வேதனை புரியும்.

போன வருடம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக, ஒரு தெருவுக்கு அடியில் சுரங்கம் போட்டோம். கீழே முழுக்க இளகிய களிமண்.

விரிசலைக் காணோம்

தோண்டுவதற்கு முன்பே எல்லா வீட்டு விரிசல்களையும் படம் எடுத்துவைக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய விரிசலும் நம் தலையில்தான் விழும். கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஸ்டெல்லா அக்கா வீட்டு ஹாலில் குறுக்காக ஒரு விரிசல் ஓடியது. இரண்டு நாள் கழித்து கேமராவோடு போனால் சுவர் பச்சைப்பசேலென்று மின்னியது. விரிசல் எங்கே என்று கேட்டேன்.

"போட்டோ புடிக்க வரேன்னு சொன்னீங்களே சார், அசிங்கமா இருக்கக்கூடாதுன்னு பட்டி வச்சி பெயின்ட் அடிச்சிட்டோம்."

இயந்திரம் வரும் முன்னே

தெருவில் வரிசையாக இரும்பு முளைகள் அடித்து, தினமும் அவற்றின் உயரத்தை அளப்போம். ஒருநாள் காலை ஐந்தாவது முளை பதினைந்து மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. சுரங்கம் தோண்டும் இயந்திரமோ அந்தப் பக்கம் இன்னும் வரவே இல்லை. உடனே போன் போட்டு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். மேலதிகாரி என்னைக் கேட்டதையெல்லாம் இங்கே எழுத முடியாது.

படித்ததெல்லாம் பொய்யோ என்று ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். எதிரே டிபன் கடை வைத்திருப்பவர் பாவப்பட்டு நாஷ்டா கொண்டுவந்து கொடுத்து, என்ன ஆச்சு என்று விசாரித்தார். முளையைக் காட்டினேன்.

"அதுவா? வர்றவங்க கால்ல இடிக்குதேன்னு நான்தான் சார் காலைல கல்லால ரெண்டு தட்டு தட்டினேன்."

மீதி

ஸ்டெல்லா அக்கா வீட்டுக்கு அடியில் இயந்திரம் போக வேண்டிய நாள் வந்தது. எட்டு மில்லிமீட்டர்தான் இறங்கும், பயமில்லை என்றேன். அப்படியானால் அது தாண்டிப் போகும்வரை நீங்களும் எங்களோடு உட்காருங்கள் என்றார். மறுக்க வழியில்லை. அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன. அக்காவின் மாமனார் ஜெபம் சொல்ல ஆரம்பித்தார். திருவள்ளூர்க்காரனான நான் மனசுக்குள் எங்கள் ஊர் வீரராகவப் பெருமாளைக் கூப்பிட்டேன்.

சத்தம் ஓய்ந்ததும் ஓடிப்போய் அளந்தேன். ஏழு! புதுப் பெயின்டில் ஒரு கோடுகூட விழவில்லை. பெருமை தாங்காமல் அக்காவிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது.

"எட்டுன்னீங்க, ஏழுதான் எறங்கிகீது. மீதி ஒண்ணு எப்ப சார் எறங்கும்?"

களிமண் அவசரப்படாது, பல மாதம் கழித்தும் மெல்ல இறங்கும் என்பதால், அந்த ஒரு மில்லிமீட்டருக்குப் பொறுப்பாளியாக மாதாமாதம் அவர் வீட்டு வாசலில் இன்னமும் போய் நிற்கிறேன்.