பொம்மை கேட்ட பெயர்

மாலை நான்கு பத்து. வாசல் கேட்டுக்கு மேலே முதலில் தெரிந்தது ஒரு பச்சைத் தகரப் பெட்டி. அதைத் தோளில் தாங்கியபடி மாமா உள்ளே வந்தார்.

எழுபதுகளின் நடுவில், செங்கல்பட்டில், என் வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாள் அது. அவள் அப்பா டாக்டர். மாமா என் அம்மாவின் தம்பி. மாமல்லபுரத்தில் ஒரு சங்குக் கடையில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்தநாள் வீடுகளுக்குப் பெட்டியோடு போவார். பெட்டிக்குள் சிவப்புக் கோட்டுப் போட்ட மரப்பொம்மை. அதை மடியில் உட்காரவைத்து, தன் உதடு அசையாமல் பேசவைப்பார்.

அவருக்குச் சில கட்டுப்பாடுகள் இருந்தன. குழந்தைகள் சாப்பிட்டு முடிக்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். பொம்மை துவண்டு கிடப்பதை எந்தக் குழந்தையும் பார்த்துவிடக் கூடாது என்பதால் துணியைப் போர்த்தித்தான் வெளியே எடுப்பார். நிகழ்ச்சி இல்லாத இடத்தில் பெட்டியைத் திறக்கவேமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் அது கட்டிலடியில் பூட்டியே கிடக்கும். பொம்மை ஒரே ஒருமுறை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எத்தனையோ நாள் கெஞ்சியிருக்கிறேன்.

அன்று கூப்பிடும் என்று நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லியும் வைத்தேன்.

"அது எங்க மாமாடி. பொம்மைக்கு என்னிய நல்லாத் தெரியும்."

"வுடாதடி. பாக்கலாம்."

பொம்மை வரிசையாகப் பெயர் கேட்டுக்கொண்டு வந்தது. ஒருத்தியின் விழுந்த பல்லைக் கேலி செய்தது. என்னிடம் வந்ததும் தலையைச் சாய்த்தது.

"ரெட்ட ஜட பாப்பா, உன் பேரு இன்னா?"

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். மற்றவர்களைப் பார்த்த அதே சிரிப்பு. பக்கத்தில் இருந்தவள்தான் என் பெயரைச் சொன்னாள். சொல்லிவிட்டு, "உங்க மாமாவுக்கே தெரியலியேடி!" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று இரவு மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "பேரச் சொன்னா இன்னாடா கொறஞ்சி பூடும்? கொயந்த அழுதுகினே வந்துச்சி."

"தொழிலுக்குப் போன வூட்ல எல்லாப் புள்ளையும் ஒண்ணுதாங்கா. ஒண்ண மட்டும் தெரியும்னு காட்டிகினா மத்ததுங்க மொகம் வாடிப்பூடும்."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். மாமா என் பாயருகே உட்காருவது தெரிந்தது. பூட்டு திறந்தது. பொம்மை என் பெயரைச் சொன்னது. சற்று நிறுத்தி, இன்னொரு முறை சொன்னது. மூன்றாம் முறை குரல் தாழ்ந்திருந்தது. இன்னும் ஒருமுறை கூப்பிட்டால் திரும்பலாம் என்று காத்திருந்தேன்.

பூட்டு விழும் சத்தம் கேட்டது. ஒருமுறை திறந்த பெட்டியை நாளைக்கும் திறப்பார் என்றுதான் அந்த எட்டு வயதில் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் பல ஞாயிறுகள் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெட்டி கட்டிலடியில் பூட்டியே இருந்தது.