மேசன் என்று நாலு தரம்

ஆஸ்பத்திரித் தொட்டிலின் கால்மாட்டில் ஒரு சின்ன அட்டை செருகியிருந்தது. ஓரத்தில் கரடிக்குட்டிப் படம்; நடுவில் நீலப் பேனையால் பெரிய எழுத்தில் இரண்டு சொற்கள். முதலாவது மேசன். இரண்டாவது உங்கள் அப்பப்பாவின் பெயர். நான் சுவிசுக்கு வந்தபோது என் பெயருடன் இருந்த தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார்கள். அதனால்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவருடைய பெயர். அட்டையை நான் இரண்டு தரம் வாசித்தேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச்சனம் அப்பப்பாவைக் கூப்பிடுவதும் இதே இரண்டு சொற்களால்தான், இதே ஒழுங்கில்தான். அவர் வீடு கட்டுகிற மேசன்.

போன கிழமை மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, ஒவ்வொருவரும் தங்கள் பெயர் எங்கேயிருந்து வந்தது என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரவேண்டுமாம் என்றாள். அவளுடைய பெயருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, சோபாவில் படுத்திருந்த அண்ணன்காரன், "என்ரை பேர் அமெரிக்கன் சீரியலாலை வந்தது, சிம்பிள்" என்றான். மகனே, நீ சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை உங்கள் இருவருக்குமாக எழுதி வைக்கிறேன். நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை, நடந்ததை நடந்த மாதிரியே எழுதுகிறேன். உன் பெயரைப் பற்றி எழுதுவதானால் பெரியம்மாவைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

பென்ஷன் எடுத்துவிட்டு அட்லிஸ்வில் என்ற ஊரில் வீட்டுப் பல்கனியில் தக்காளி வளர்க்கிற பெரியம்மாவைத்தான் உங்களுக்குத் தெரியும். அம்மாவின் தமக்கையான அவர், அந்த நாட்களில் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்று வாட்டைத் துப்புரவாக்கும் வேலையில் இருந்தார். விடியப்புற ரயிலில் போய், பின்னேரம் எங்களிடம் தேத்தண்ணிக்கு வரும்போது ஒரு கதையோடுதான் வருவார். கதை பெரும்பாலும் பெயர்க் கதையாக இருக்கும். தொட்டில்களுக்குக் கீழே துடைக்கும்போது அட்டைகளை வாசிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. எந்தப் பெயர் எந்த வருடம் ஓடுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். "இந்தக் கிழமை முழுக்க லூக்கா. ஒரு லூக்கா அழுதால் மற்ற லூக்காவின்ரை தாய் எழும்பி ஓடுறாள்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். கையில் இருக்கிற தேத்தண்ணி சிந்தும்.

அப்படி ஒரு பின்னேரம்தான், அம்மா உன்னை வயிற்றில் சுமந்துகொண்டிருந்த காலத்தில், புதுக்கதை ஒன்று கொண்டுவந்தார். "இப்ப இவையளுக்குத் தொழில் பேரிலைதான் மோகம், தம்பி. ஒருத்தனுக்குக் கூப்பர் எண்டு வைச்சிருக்கினம், பீப்பாய் செய்யிறவனாம். ஒரு பெட்டைக்கு டெய்லர். இண்டைக்கு ரண்டு மேசன்!" நான் வேலை முடிந்து வந்தவன், காலில் சீமெந்துத் தூளோடு நின்றேன். "இங்கை ஒரு மேசன் காய்ஞ்சு போய் நிக்கிறான், அவனுக்கு ஒரு தேத்தண்ணி குடு" என்று உங்கள் அம்மாவுக்குச் சத்தம் போட்டார். ஓம், நானும் அதே வேலைதான். ஹோட்டலில் கோப்பை கழுவிவிட்டுப் பிறகு கட்டட வேலைக்கு மாறியவன்.

எங்கள் கலியாணம் இலேசில் நடக்கவில்லை என்பதை நீங்கள் பெரியவர்களானதும் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். இனிச் சொல்லலாம். உங்கள் அம்மப்பா ஊரில் தபாலதிபராக இருந்து, பிறகு இங்கே பெரியம்மாவோடு வந்து இருந்தவர். வெள்ளைச் சேட்டு, தங்க மூக்குக்கண்ணாடி, நல்ல இங்கிலிஷ். அம்மா என்னை விரும்புகிறாள் என்று தெரிந்ததும் அவர் அட்லிஸ்வில் வீட்டு ஹோலில் நின்று சொன்ன சொல், கதவுக்கு வெளியே சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. "மேசன்ரை பெடியனுக்கோ நான் பிள்ளையைக் குடுக்கிறது?" பெரியம்மாதான் சண்டை பிடித்துக் கலியாணத்தை நடத்தி வைத்தார். அம்மப்பா வந்தார், தாலி எடுத்துத் தந்தார், படத்துக்கு நின்றார். ஆனால் ஊரிலிருந்த என் ஐயாவோடு, உங்கள் அப்பப்பாவோடு, ஒரு வார்த்தை கதைக்கவில்லை. சம்பந்தி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

நீ பிறந்ததும் பெரியம்மாவின் அதே ஆஸ்பத்திரியில்தான். அன்று குருக்களுக்குப் போன் எடுத்து நேரத்தைச் சொன்னோம். மக நட்சத்திரம், நாலாம் பாதம், 'மே'யில் தொடங்குகிற பெயர் வையுங்கோ என்றார். இங்கே பிள்ளையின் பெயரைப் பதிவுக்குக் கெதியில் கொடுத்துவிட வேண்டும். அம்மா கட்டிலில் இருந்து யோசிக்கிறாள், நான் யோசிக்கிறேன், ஆம்பிளைப் பிள்ளைக்கு மே எழுத்தில் ஒன்றும் வாயில் வருவதாயில்லை. மேகநாதன் என்றேன். "பள்ளிக்கூடத்திலை டீச்சர் மூச்சு வாங்கிப் போடுவா" என்றாள் அம்மா. அப்போது பெரியம்மா, கையில் துடைப்பத் தடியோடு, வேலை உடுப்போடு, வாசலில் வந்து நின்றார். "ஏன் தேடுறியள்? மேசன் எண்டு வையுங்கோ."

நான் பகிடி என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "அக்கா, அப்பா என்ன சொல்லுவார்?" என்று அம்மா கேட்டாள். "அவர் அந்தச் சொல்லைக் கீழை போட்டு மிதிச்சவர். இனிப் பேரன்ரை பேராத் தூக்கி வைச்சுக் கொஞ்சட்டும்." அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்: "எழுது அக்கா."

அந்தப் பெயர் வந்த வழியைப் பிறகு நானும் கேட்டு அறிந்தேன். பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு வேலை செய்தவர்கள் கல்லடுக்கிக் கட்டுகிறவனை மாசோன் என்பார்கள். அந்தச் சொல் பழைய காலத்தில் இங்கிலாந்துக்குப் போய் மேசன் ஆனது. தொழிலைச் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட அதுவே பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. பிறகு தாய்வழிக் குடும்பப் பெயரைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கிற பழக்கம் வந்தது. அமெரிக்காவில் அது பரவியது. தொலைக்காட்சி வழியாக இங்கேயும் வந்து தொட்டிலில் ஏறியது. நம் ஊர் மேசனும் இங்கிலிஷ்காரன் கொண்டுவந்து விட்ட அதே சொல்தான். ஒரே சொல் ஒரு பக்கத்தால் போய் நாகரிகப் பெயராகியது, மற்றப் பக்கத்தால் எங்கள் ஊருக்கு வந்து ஆளை இறக்கிப் பார்க்கிற சொல்லாகியது. இப்போது அந்த மோகமும் இறங்கிவிட்டதாம். பென்ஷன் எடுக்கும் முன் கடைசி வருடத்தில் அட்டைகளில் அதைக் காண்பதே அருமை என்று பெரியம்மா சொன்னார். உன் வகுப்பில் இன்னொரு மேசன் இருக்கிறான் என்று நீ சலித்துக்கொள்வாய். உனக்குப் பின்னால் வருகிற வகுப்புகளில் தேடிப் பார், கிடைக்காது.

அம்மப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். உன்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து அட்டையை வாசித்தார், தபாலுறை வாசிக்கிற மாதிரி. முகம் மாறியது. "இதென்ன விளையாட்டு?" என்றார். "பேப்பரிலை நீங்கள் என்னவும் எழுதுங்கோ. முப்பத்தொண்டிலை என்ரை வாயாலை அவன்ரை காதிலை இதைச் சொல்லமாட்டன்." தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மாவின் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: முப்பத்தோராம் நாள், பிள்ளை பிறந்த தீட்டைக் கழிக்கிற துடக்குக் கழிவில், மூத்த பேரனின் காதில் தாயின் தகப்பன் மூன்று தரம் பெயர் சொல்லவேண்டும். சொன்னால்தான் பெயர். அதுவரை அது வெறும் எழுத்து.

அன்று மாலை ஊருக்குப் போன் எடுத்து ஐயாவிடம் பெயரைச் சொன்னேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். "உனக்கென்ன விசரோ?" என்றார். "நான் சீமெந்துக்குள்ளை கிடந்து உன்னை வெளியாலை அனுப்பினனான். நீ பேரனைத் திருப்பி அதுக்குள்ளை இறக்கிறாய். வேறை பேர் வை ராசா." இரண்டு பக்கத்திலும் கிழவர்கள் வேண்டாம் என்றார்கள். அம்மா அழுதாள். அழுதுகொண்டே, "மாத்தமாட்டன்" என்றாள்.

பெரியம்மா மட்டும் ஓயவில்லை. அம்மப்பாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மாடிவீட்டு வாசல்களில் குடியிருப்பவர்களின் பெயர் எழுதிய தபால்பெட்டிகளைக் கண்டால் நின்று வாசிக்காமல் போகமாட்டார். ஒரு நாள் நான் அட்லிஸ்வில்லுக்கு அரிசி மூட்டை கொண்டுபோனபோது தகப்பனும் மகளும் கீழ்வாசலில் அந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளில் இருந்த ஜெர்மன் குடும்பப் பெயர்களைப் பெரியம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தமிழில் சொன்னார்.

"இது மா அரைக்கிறவன். இது நெசவுகாரன். இது தையற்காரன். இது கொல்லன். உங்கடை நெஞ்சு டொக்டருக்கும் கொல்லன் எண்டுதானே பேர்? அவருக்கு முன்னாலை நீங்கள் கை கட்டிக்கொண்டு இருக்கிறியள்."

"அது இவங்கடை ஊர் வழக்கம். எங்கடை ஊரிலை மேசன் எண்டால் மேசன்தான்."

"ஓம் அப்பா, மேசன்தான். நாங்கள் வளர்ந்த வீட்டைக் கட்டினது ஆர்? உங்கடை மருமோன்ரை ஐயாதானே. நீங்கள் அண்டைக்கு அந்த மனிசனை என்னெண்டு கூப்பிட்டனீங்கள்? 'மேசன், இஞ்சை வா.' ஒருநாளும் பேர் சொன்னதில்லை. அந்த மனிசன் ஓடிவரும். நான் சின்னப்பிள்ளை, பாத்துக்கொண்டு நிண்டனான்."

அம்மப்பா என்னைக் கண்டுவிட்டார். லிஃப்ட் பொத்தானை அமத்தினார். லிஃப்ட் வந்தது, அவர் ஏறவில்லை. கதவு திறந்து மூடியது. அரிசி மூட்டையின் ஒரு காதைப் பிடித்து, "வாரும் தம்பி, ரண்டு பேருமாத் தூக்குவம்" என்று மட்டும் சொன்னார். அவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

முப்பத்தோராம் நாள் காலை பாடன் நகரத்தில் இருந்த எங்கள் வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். அம்மப்பாவுக்குக் காய்ச்சலாம், வருவாரோ தெரியாது என்று போன் வந்திருந்தது. குருக்கள் மணிக்கூட்டைப் பார்க்கிறார். நேரம் போகிறது. "தேப்பனே சொல்லலாம், பிழையில்லை" என்றார் குருக்கள். அம்மா தலையாட்டினாள்: "இல்லை, அப்பா வரட்டும்." அப்போது வாசல் மணி அடித்தது. முதலில் பெரியம்மா, பின்னால் அம்மப்பா. பட்டுவேட்டி, சால்வை, மேலே குளிருக்குத் தடித்த ஜக்கெட். காய்ச்சல்காரன் மாதிரித் தெரியவில்லை.

தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி மோதிரத்தால் உன் பெயரை நான் எழுதினேன். அவர் அதை நின்று வாசித்தார். பிறகு அமர்ந்து, உன்னை மடியில் வாங்கினார். குனிவார் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தம்பி, உம்மடை ஐயாவுக்கு ஒருக்காப் போன் அடியும். சத்தமாக் கேக்கிற மாதிரிப் போடும்" என்றார். சபையில் வைத்து அந்த மனிசனோடும் வாதாடப்போகிறாரோ? பெரியம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. போன் அடித்தேன். ஐயா அந்த வயதிலும் ஒரு வீட்டு வேலையை நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொங்கிறீற் மிசின் சத்தம் எங்கள் ஹோலை நிறைத்தது.

அம்மப்பா போனை உன் தலைக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொன்னார். உன் காதுக்குக் குனிந்து, தபாற்கந்தோரில் ஆளைக் கூப்பிடுகிற அந்தப் பழைய குரலில், "மேசன்!" என்றார்.

"ஓம் ஐயா, வாறன்!" என்று போனுக்குள்ளிருந்து பதில் வந்தது.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகும் ஐயா அந்தக் குரலை அடையாளம் கண்டுவிட்டார். வாய் தன்பாட்டில் பதில் சொல்லிவிட்டது. எனக்குக் காது இரண்டும் சுட்டன. அம்மப்பா போனை நோக்கித் திரும்பினார்.

"உங்களை இல்லை, சம்பந்தி. எங்கடை பேரனைக் கூப்பிடுறன். நீங்களும் கேளுங்கோ." பிறகு இன்னும் உரத்து, இரண்டாம் தரம். பிறகு மூன்றாம் தரம், கீழ் மாடிக்காரனுக்கும் கேட்டிருக்கும். நீ வீரிட்டு அழத் தொடங்கினாய். பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. சிரிப்போ அழுகையோ தெரியவில்லை.

போனில் மிசின் சத்தம் மட்டும். பிறகு ஐயாவின் குரல், எங்களிடம் இல்லை, தன் ஆட்களிடம்: "டேய், மிசினை நிப்பாட்டுங்கோடா! சாந்துக் கரண்டியளைக் கீழை வைச்சிட்டு எல்லாரும் இஞ்சாலை வாங்கோ! சுவிசிலை என்ரை பேரனுக்குப் பேர் வைக்கினம்!" சத்தம் நின்றது. காலடிகள் கேட்டன. "சம்பந்தி," என்றார் ஐயா, அந்தச் சொல்லை முதன்முதலாக வாயில் வைத்துப் பார்க்கிற மாதிரி மெதுவாக, "இவங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

வழக்கம் மூன்று தரம்தான். அம்மப்பா குருக்களின் முகத்தைப் பார்த்தார். குருக்கள் சிரித்துக்கொண்டு, சொல்லுங்கோ என்று கையால் சைகை காட்டினார். மகனே, உனக்கு நாலாம் தரமும் பெயர் சொல்லப்பட்டது.