கோயில் ஒலிபெருக்கியும் என் ஏரியல் கம்பமும்

மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் என் குரல் வாத்துக் கத்துவதுபோல வந்துவிட்டது. நான் செய்த குற்றம் அவ்வளவுதான். மலேசியாவில் கோலா பிலா பக்கத்துத் தோட்டத்தில் குடியிருக்கிறோம். செம்பனை எண்ணெய் ஆலையில் வயர்மேன் வேலை பார்க்கிறேன். வேலை இல்லாத நேரத்தில் வீட்டிலிருந்து அமெச்சூர் ரேடியோவில் தூரத்து ஊர்க்காரர்களோடு பேசுவேன். பரீட்சை எழுதி வாங்கிய அரசாங்க லைசென்ஸ் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்கான ஏரியல் கம்பத்தை நட்டது நானும் என் வீட்டுக்காரரும். "என்னைக் கட்டுனதுக்கு இந்தக் கம்பத்தையே கட்டியிருக்கலாம்" என்று இன்னமும் கிண்டல் செய்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்த கையோடு கோயில் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"தீபாராதனை நேரத்துல உன் பேச்சு ஸ்பீக்கர்ல வருதும்மா. கம்பத்த எறக்கிடு. இல்லேன்னா இந்த வருஷம் உங்க வீட்டு உபயம் கிடையாதுலா."

எனக்குச் சுருக்கென்றது. திருவிழாவில் ஒரு நாள் பூசையை ஒரு வீடு ஏற்று நடத்துவதுதான் உபயம். வெள்ளம் வந்த வருடம்கூட எங்கள் வீடு அதை விட்டதில்லை. அதை எடுத்துவிட்டால் ஊரைவிட்டுத் தள்ளிவைத்த மாதிரிதான். ஆனாலும் கம்பத்தை இறக்க எனக்கு மனமில்லை. ஏன் இறக்க வேண்டும்? திருடியா வைத்திருக்கிறேன்?

முதலில் என் பக்கத்தைத்தான் பார்த்தேன். பழி வந்தால் அதுதானே முறை. ஏரியல் கேபிளைச் சுருட்டி, இரைச்சலைத் தடுக்கும் கருப்பு ஃபெரைட் வளையத்துக்குள் பல சுற்று விட்டேன். எர்த் கம்பியை மாற்றினேன். அனுப்பும் சக்தியைப் பாதியாகக் குறைத்தேன். கத்தல் கொஞ்சம் அடங்கியது, ஆனால் நிற்கவில்லை.

ஞாயிறு காலை ஒலிபெருக்கி வயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டுக்கும் மணிச் சத்தம் கேட்கவேண்டும் என்று அங்கே இன்னொரு ஒலிபெருக்கி கட்டுவார்கள். அதற்கு இழுத்த வயர் வழி நெடுக, வீட்டுக்கு வீடு துணி காயப்போடும் இரும்புக் கம்பியில் ராஃபியா பிளாஸ்டிக் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அட கடவுளே! எனக்கு இருப்பது ஒரு ஏரியல், கோயிலுக்கு இருப்பது அதைவிட நீளமான ஏரியல். நான் அனுப்புவதையெல்லாம் அது வாங்கி ஆம்ப்ளிஃபையருக்குள் ஊற்றிக்கொண்டிருந்தது.

கோயிலில் இருந்த தலைவரிடம் போய், "ஒரு மணி நேரம் குடுங்க தலைவரே. சத்தம் நிக்கலேன்னா அப்புறம் பேசுவோம்" என்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சேலைகளும் சட்டைகளும் தொங்கிய கம்பியிலிருந்து வயரை அவிழ்த்துக் கூரையோரமாகக் கட்டினேன். ஆம்ப்ளிஃபையரை ஒட்டி, ஒலிபெருக்கி வயரை ஒரு வளையத்திலும் கரண்டு வயரை இன்னொரு வளையத்திலும் சுற்றினேன். பிறகு வீட்டுக்காரரைத் தலைவர் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டு, வீட்டுக்கு ஓடி முழுச் சக்தியில் பேசினேன். தொண்டை வறண்டுபோகும்வரை பேசினேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரர் முகமெல்லாம் பல்லாக நின்றார். "ஒரு பொட்டுச் சத்தம் வரல!"

தலைவர் தொண்டையைச் செருமினார். "சத்தம் நின்னுச்சு, சரி. இருந்தாலும் கம்பத்த எறக்கிடும்மா. பொம்பள தனியா உக்காந்து ஊர்பேர் தெரியாத ஆம்பளைங்ககிட்ட பேசுறது நல்லாவா இருக்கு?"

ஓஹோ, விஷயம் இதுதானா! உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு. இதுவரை அம்மனைச் சாக்காக வைத்தல்லவா பேசியிருக்கிறார்! ஆம்ப்ளிஃபையர் சுவிட்சைப் போட்டேன். மைக்கை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன்.

"எங்க உபயம் வேணாம்னு இதுல சொல்லுங்க தலைவரே. எதுக்கு வேணாங்கிறதையும் சேத்துச் சொல்லுங்க. கடைசி வீடு வரைக்கும் இப்ப சுத்தமா கேக்கும்."

அவர் மைக்கைப் பார்த்தார். துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். ஆலையில் என்னோடு வேலை செய்பவர்கள் அவர்களில் பாதிப்பேர். தலைவரே சுவிட்சை அணைத்தார். உபயப் பட்டியலை எடுத்து எங்கள் வீட்டுப் பெயரை எழுதினார்.

"மூணாம் நாள், காலைப் பூசை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"காலையில எனக்கு ஷிப்ட்டு. சாயங்காலம் போடுங்க" என்றேன்.

காலை என்பதை அடித்துவிட்டு, சாயங்காலம் என்று எழுதினார்.