சிங்கராயரின் பெரிய வெள்ளி

இங்கே டொராண்டோவில் பெரிய வெள்ளிப் பாடல்களைச் சுருதி பிசகாமல் பாடுகிறார்கள். எனக்குத் தாராவி சிங்கராயர்தான் வேண்டியிருக்கிறது. அவர் குரல் மறந்துவிடுமோ என்று வருஷா வருஷம் ஒரு பயம்.

பெரிய வெள்ளி மத்தியானம், கோயிலுக்குப் போகும் முன், எங்கள் வரிசை வீடுகளின் முற்றத்தில் சிலுவையை நட்டு ஏசுவின் பாடுகளைப் புலம்பலாகப் பாடுவோம். முன்னின்று பாட எங்களிடம் இருந்த ஒரே குரல் சிங்கராயருடையது.

அவருக்கு வீடு இல்லை. குடி முற்றியபோது மனைவி லூசியம்மாள் பிள்ளைகளோடு ஊருக்கு ரயிலேறிவிட்டாள். இருந்த அறையும் போனது. கலீலுல்லா பாயின் தோல் கிடங்கில் உப்பு மூட்டைகள்மேல் படுத்துக்கொள்வார். பம்பாயில் மதுவிலக்கு என்று பெயர்தான். சைக்கிள் டியூபில் அடைத்த சாராயம் எங்கள் சந்துகளில் தாராளமாக நடமாடியது.

ஒரு வருஷம் பாதிப் புலம்பலில் சிலுவையைக் கட்டிக்கொண்டு சரிந்தார். சிலுவையும் சேர்ந்து விழுந்தது. அதனால் அடுத்த வருஷம், அறுபத்து நான்கில், முற்றத்து ஜெபங்களை நடத்தும் ஏஞ்சலம்மாள் கிடங்குக்கே போய்விட்டாள்.

"அண்ணாச்சி, இந்த வாட்டியும் சாராய வாட அடிச்சா ஒங்களக் கூப்புட மாட்டோம். மாட்டுங்கால ஒருத்தன் இருக்கான். மூக்காலதான் பாடுவான். ஆனா நிப்பான்."

சிங்கராயருக்கு மிஞ்சியிருந்த மரியாதை அந்த ஒரு மத்தியானம்தான். வியாழக்கிழமை முழுக்கக் குடிக்கவில்லை. வெள்ளி காலையில் டீ கிளாசைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. கிடங்கின் பின்சுவரோரம் டியூப்காரன் வந்து நின்றான். எழுந்து போனார், திரும்பினார், மறுபடி எழுந்தார்.

"ஒரு மடக்கு போட்டா நடுக்கம் நிக்கும் பாய். போட்டா வாட வரும். நா என்ன செய்ய?"

"மாசம் முழுக்க நோம்பு வைக்கிறவன்ட்ட வந்து கேக்கீரு. சும்மா கெடயும்வே. நேரந்தான போவணும்."

முற்றத்தில் முதல் வரியிலேயே குரல் உடைந்தது. மாதா மகனை மடியில் வாங்கும் இடத்தில் ஒவ்வொரு சொல்லும் நடுங்கியது. கைகள் ஆடின, வியர்வை கன்னத்தில் வழிந்தது. பெண்கள் தேம்பினார்கள். ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அப்படி ஒரு துக்கத்தை நாங்கள் அதுவரை கேட்டதில்லை.

முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கையைப் பிடித்தார்கள். உருவிக்கொண்டு, எல்லோருக்கும் காய்ச்சிய கஞ்சிப் பானையருகே இருந்த ஏஞ்சலம்மாளிடம் போனார்.

"ஏஞ்சலு, அது அழுக இல்ல. சரக்கு கேட்ட நடுக்கம். மாதா பேரச் சொல்லி எல்லாரயும் ஏமாத்திட்டேன்."

அவள் கஞ்சி ஊற்றுவதை நிறுத்தவில்லை. "எங்கய்யா கையும் இப்பிடித்தான் ஆடும். எனக்குத் தெரியாதாக்கும்? நா அதுக்குத்தான் அழுதேன். கிண்ணத்த நீட்டுங்க."

நீட்டிய கிண்ணம் ஆடியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள்.

அன்று சாயங்காலமே அவர் குடித்தார். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருஷமும், பெரிய வியாழன் வந்ததும் நிறுத்தினார்.